பாசிக்கழியில் வளர்ந்த படம்

பாசிக்கழியில் ஒரு படம் வளர்ந்தது. பூசணிக்கொடி கூரையேறுவதுபோல, பிள்ளைக்குப் பல் முளைப்பதுபோல, யாரும் தண்ணீர் ஊற்றாமல் யாரும் மருந்து வைக்காமல் தன்பாட்டுக்கு வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் அதைப் போட்டுப் பார்த்தார்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அது கொஞ்சம் நீண்டிருந்தது, அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் நீண்டிருந்தது. அதைப் பற்றி அந்த ஊரில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. ஏன் வளர்கிறது என்று கேட்டவர்களைவிட, அதில் ஏன் நான் இன்னும் வரவில்லை என்று கேட்டவர்களே அதிகம்.

பாசிக்கழி என்பது கழிமுகத்தின் இரண்டு பக்கமும் கிடக்கும் இரண்டு தெருக்கள். மேற்கே உப்பளத் தெரு, கிழக்கே துறைத் தெரு. உப்பளக்காரர்கள் தண்ணீருக்காகக் கழியின் வாயில் வரப்புப் போட்டார்கள் என்றும், அதனால் மீன்பிடி வள்ளங்கள் வெளியே போக முடியாமல் சேற்றில் உட்கார்ந்தன என்றும், துறைக்காரர்கள் ஒருநாள் அந்த வரப்பை வெட்டிவிட்டார்கள் என்றும், அன்றைக்குப் பாத்தியில் குவித்திருந்த உப்பெல்லாம் கரைந்து கடலுக்கே திரும்பிப் போனது என்றும் சொல்வார்கள். அதிலிருந்து இரண்டு தெருவுக்கும் பேச்சில்லை. பேருந்துகூட இரண்டு இடத்தில் நின்றது. துறைத் தெருவில் மாதா கோயில் மணி அடித்தால் உப்பளத் தெரு ரேடியோவைச் சத்தமாக வைத்தது. உப்பளத் தெருவில் அம்மன் கோயில் கொடை நடந்தால் துறைத் தெரு ஜன்னலைச் சாத்திக்கொண்டது.

இரண்டு தெருவுக்கும் நடுவில், யாருக்கும் சொந்தமில்லாததுபோல, மூடிப்போன ஐஸ் கம்பெனி ஒன்று நின்றது. அதன் முன்னறையில் செபஸ்தியம்மாள் இருந்தாள். துறைத் தெருவில் பிறந்தவள், உப்பளத் தெருவில் சுடலைமணியைக் கட்டிக்கொண்டவள். அதனால் பிறந்த தெருவும் சேர்க்கவில்லை, புகுந்த தெருவும் சேர்க்கவில்லை. கம்பெனிக்குக் காவலாக இருந்த அவள் அப்பா சாவியை மட்டும் மகளிடம் கொடுத்துவிட்டு, அதன்பிறகு அவளோடு பேசாமலே செத்துப்போனார். புருஷனும் பெண்டாட்டியும் அந்த முன்னறையில் குடித்தனம் நடத்தினார்கள். உன்னை ஏற்றுக்கொள்ளாத வீட்டு வாசற்படியை நானும் மிதிக்க மாட்டேன் என்று சுடலைமணி அவளுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தான். மஞ்சள்காமாலை கண்டு அவன் செத்தபோது உப்பளத் தெருக்காரர்கள் வந்து உடம்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், அவன் அண்ணன் வீட்டு முற்றத்தில் போட்டு அவன் மதினி சந்தனமாரி மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள், செபஸ்தியம்மாள் உப்புக் குவியலுக்கு அந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்தாள். அழுவதற்கு அவளுக்கு இடம் கிடைக்கவில்லை என்பதைவிட, தன் இடத்தில் நின்று இன்னொருத்தி அழுகிறாள் என்பதுதான் அவளுக்கு நெஞ்சில் முள்ளாக நின்றது.

பிறகு அவள் ரவிக்கை தைத்துப் பிழைத்தாள். கம்பெனிக்கு இரண்டு வாசல். ஒன்று மீன் இறக்கும் துறையைப் பார்த்தது, மற்றது உப்பு லாரி வரும் ரோட்டைப் பார்த்தது. துறைத் தெருப் பெண்கள் அந்த வாசலில் வந்து துணி கொடுத்தார்கள், உப்பளத் தெருப் பெண்கள் இந்த வாசலில் வந்து துணி கொடுத்தார்கள். இரண்டு தெருவும் என்றைக்காவது ஒரே இடத்தில் உட்கார்ந்தால் அங்கே தனக்கும் ஒரு ஓரம் கிடைக்கும் என்று மிஷினை மிதித்துக்கொண்டே அவள் நினைத்துக்கொள்வாள்.

அப்படி இருக்கும்போதுதான் தமயந்தி என்ற பெண் கேமராவோடு வந்தாள். கழியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறேன் என்றாள். யார் வீட்டில் தங்கினாலும் மற்ற தெரு பேசாது என்பதால் செபஸ்தியம்மாள் வீட்டில் தங்கினாள். கொக்கு, சேறு, வலை, பாத்தி, உப்பு வாரும் பெண்கள், வள்ளம் தள்ளும் ஆண்கள் என்று முக்கால் மணி நேரப் படம். எடுத்ததை எடுத்த ஊருக்குக் காட்டாமல் போகக் கூடாது என்பது அவள் கொள்கை. செபஸ்தியம்மாள் தெரு தெருவாகப் போய், இல்லை, தெருவுக்குள் நுழைய முடியாததால் தெருமுனையில் நின்று, தைத்த ரவிக்கையைக் கொடுக்கும்போது ஒவ்வொருத்தியிடமும் சொல்லி அழைத்தாள். கம்பெனிக்குள் ஜன்னல் கிடையாது, பட்டப்பகலிலும் கும்மிருட்டு. பனிக்கட்டி உறையவைத்த பெரிய அறையில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டினார்கள். துறைத் தெரு தன் வாசலில் நுழைந்து ஒருபக்கம் உட்கார்ந்தது, உப்பளத் தெரு தன் வாசலில் நுழைந்து மறுபக்கம் உட்கார்ந்தது, நடுவில் ஒரு வள்ளம் போகிற அகலத்துக்குத் தரை காலியாகக் கிடந்தது. படம் முடிந்ததும் யாரும் யாரையும் பார்க்காமல் வந்த வழியே போனார்கள். தமயந்தி மனம் உடைந்துபோய், பெட்டி எல்லாம் சுமக்க முடியாது, பிறகு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று புரொஜெக்டரையும் படத்தையும் விட்டுவிட்டு ஊருக்குப் பேருந்து ஏறினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, முதல் தடவை வேலைக்குப் போய்ப் பார்க்காமல் விட்டவர்கள் கேட்டதால், செபஸ்தியம்மாள் மறுபடி போட்டாள். பாதிப் படத்தில், உப்பளத்துக் கொட்டகைக்குப் பின்னால் சந்தனமாரி உட்கார்ந்து தன் தூக்குவாளிச் சோற்றில் பாதியை ஒரு சொறிநாய்க்கு வைத்துக்கொண்டிருந்தாள். நாய் தின்னும்வரை கொசுவை விரட்டிக்கொண்டிருந்தாள். போன வாரம் இந்தக் காட்சி இல்லை. அங்கே கேமராவும் போகவில்லை. சந்தனமாரி கூட்டத்துக்குள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்; துறைத் தெருப் பக்கமிருந்து யாரோ, பரவாயில்லையே, அவளுக்கும் நெஞ்சுல ஈரம் இருக்கு என்று சொன்னார்கள்.

செபஸ்தியம்மாள் தமயந்திக்குப் போன் செய்து கேட்டாள். நான் அப்படி எதுவும் எடுக்கவில்லையே என்று தமயந்தி சொன்னாள், பிறகு அந்தக் காட்சியில் வெளிச்சம் சரியாக இருந்ததா என்று கேட்டாள்.

வாரம் ஒரு காட்சி, சில வாரம் இரண்டு. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துச் செய்ததை மட்டும் படம் எடுத்துக்கொண்டது. துறைத் தெருவில் பெரிய வாய்க்காரன் என்று பெயரெடுத்த கஸ்பார், கடலுக்குப் போகும் முன்னால் வள்ளத்தின் மறைவில் குனிந்து பயத்தில் வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கழுவி, மீசையைத் திருகிக்கொண்டு வந்தான். உப்பளத் தெருப் பெண்கள் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கடல் அப்படியா என்று ஒருத்தி கேட்டாள். உப்பளத்துப் பெண் ஒருத்தி வெடித்துப்போன பாதத்தில் மெழுகை உருக்கி ஊற்றிக்கொண்டு பல்லைக் கடித்தாள். துறைத் தெரு அன்றைக்குத்தான் உப்பு என்றால் என்னவென்று தெரிந்துகொண்டது. நடுவில் கிடந்த காலித் தரை வாரத்துக்கு வாரம் ஒடுங்கியது. யாரும் நகர்ந்து உட்காரவில்லை. கூட்டம் அதிகமானதால் ஒடுங்கியது என்றுதான் இரண்டு தெருவும் சொல்லிக்கொண்டன.

ஆனால் அவர்களை ஒன்றுசேர்த்தது அன்பு என்று சொன்னால் அது பொய். பொறாமைதான் சேர்த்தது. படத்தில் வந்தவர்கள் மறுநாள் வேறு நடை நடந்தார்கள். வராதவர்கள் அவர்களைப் பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பினார்கள். இந்த வாரம் அந்தத் தெருவில் யார், இந்தத் தெருவில் யார் என்று பார்ப்பதற்காகவே காய்ச்சலோடு வந்தவர்கள் உண்டு. வராத பெண்கள் எல்லோருக்கும் தெரிய நாய்க்குச் சோறு வைத்துப் பார்த்தார்கள். நாய்கள் கொழுத்தன, படம் அவர்களைச் சீண்டவில்லை. ஒருத்தன் தினமும் அலங்கரித்துக்கொண்டு யாருமில்லாத வரப்பில் போய் நின்று கண்ணீர் விட்டான்; படம் அவனை விட்டுவிட்டு, அவனுக்குப் பின்னால் சேற்றில் நடந்த நண்டை எடுத்துக்கொண்டது. கல்யாணத்துக்கு ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் வைப்பதை இரண்டு தெருவும் நிறுத்திவிட்டன. சாமியார் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டார், அம்மன் கோயில் பூசாரி உச்சிப் பூசையை முன்னுக்குத் தள்ளிக்கொண்டார். இருவரும் தனித்தனியாக வந்து தூணோரம் உட்கார்ந்தார்கள், பிறகு ஒரே தூணில் சாய்ந்தார்கள். கழியின் வாயில் வரப்பை எந்த மாதம் போடலாம், எந்த மாதம் திறக்கலாம் என்று பேச்சு எழுந்து ஒருவழியாக முடிவானதும் அந்தத் தூணடியில்தான். பேருந்தும் ஒரே இடத்தில் நிற்க ஆரம்பித்தது.

தமயந்தியும் ஒருமுறை வந்து பார்த்தாள். தான் எடுத்த முக்கால் மணி நேரம் அந்த நீண்ட படத்துக்குள் எங்கோ சின்னதாக, வெளியாள் பேச்சுப்போல வந்துபோவதைப் பார்த்தாள். இத்தனை வருஷம் கேமரா பிடித்தும் கஸ்பார் வாந்தி எடுப்பதை நான் எடுத்திருக்க முடியாது என்று செபஸ்தியம்மாளிடம் சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைக் குடிக்காமல் போனாள். புரொஜெக்டரை அவள் திருப்பிக் கேட்கவே இல்லை.

செபஸ்தியம்மாளின் பொறாமைதான் எல்லாவற்றிலும் பெரியது. அவள்தான் கூட்டினாள், பெருக்கினாள், வேட்டியைக் கட்டினாள், புரொஜெக்டர் மிஷினைப் போட்டாள். எல்லோருக்கும் முதுகுப்பக்கம் நின்றாள். சந்தனமாரி வந்தபோது பொறாமைப்பட்டாள், கஸ்பார் வந்தபோது பொறாமைப்பட்டாள், கொக்கைப் பார்த்து, நண்டைப் பார்த்து, நாயைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள். இரண்டு தெருவும் ஒரே இடத்தில் உட்கார்ந்துவிட்டன, அவளுக்கு மட்டும் ஓரம் கிடைக்கவில்லை, ஏனென்றால் மிஷினுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றாக வேண்டும், அது அவள்தான் என்று எல்லோருக்கும் பழகிப்போனது. முகம் கழுவும்போதும் தனியாக அழும்போதும் அவள் ஓரக்கண்ணால் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தாள். அப்படிப் பார்ப்பவளைப் படம் எப்படி எடுக்கும்?

மழைக்காலம் முடிந்தபிறகு செத்தவர்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் துறைத் தெருவில் கடலோடு போன ஒருவன், பீடியைக் காதில் செருகிக்கொண்டு வலையில் சிக்கிய ஆமையை அவிழ்த்துவிட்டான். அவன் பெண்டாட்டி எழுந்து வேட்டியருகே போய் நின்றாள், யாரும் மறைக்கிறது என்று சொல்லவில்லை. அதிலிருந்து ஊரில் விதவைகளுக்குள் ஒரு புதுப் பொறாமை புகுந்தது: புருஷன் வந்தவள், புருஷன் வராதவள். செபஸ்தியம்மாள் தனக்காக வேண்டிக்கொள்வதை நிறுத்திவிட்டுச் சுடலைமணிக்காக வேண்டிக்கொண்டாள். மாதாவிடம் வேண்டினாள், அது போதாதென்று அவன் சாமியான சுடலைமாடனிடமும் வேண்டினாள்.

அவன் வந்தான். கட்டம்போட்ட கைலியும் அவள் தைத்துக் கொடுத்த நீலச் சட்டையும் போட்டுக்கொண்டு வந்தான். வந்த இடம்தான் அவள் வேண்டியதல்ல. அவன் தன் அண்ணன் வீட்டு அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான், சந்தனமாரி மீன்குழம்பை அகப்பையால் மொண்டு அவன் தட்டில் ஊற்றினாள், அவன் எதையோ சொல்ல, அவள் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரித்தாள், அவனும் சிரித்தான். ஐஸ் கம்பெனி முன்னறையில் அவன் அப்படிச் சிரித்து செபஸ்தியம்மாள் பார்த்ததில்லை.

கூட்டம் முழுவதும் திரும்பி அவளைப் பார்த்தது. இத்தனை ஞாயிற்றுக்கிழமையில் அவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தது அன்றைக்குத்தான். அவள் மிஷினை நிறுத்தினாள். எல்லோரும் வெளியே போங்கள் என்றாள். இரண்டு வாசலையும் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திறக்கவில்லை, அதற்கடுத்ததும் திறக்கவில்லை. முதலில் கெஞ்சினார்கள். பிறகு, உங்கள் ஆள் கள்ளத்தனமாகத் தின்றதால்தானே என்று துறைத் தெரு சொன்னது, உங்கள் பெண்ணுக்கு இருக்கிற திமிரால்தானே என்று உப்பளத் தெரு சொன்னது. வரப்பைத் திறக்கிறோம் என்று சொன்ன மாதம் வந்தது, திறக்கவில்லை. கஸ்பார் மண்வெட்டியைத் தீட்டுகிறான் என்று பேச்சு வந்தது. தெருமுனையில் பேருந்து மறுபடியும் இரண்டு இடத்தில் நின்றது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, ஊர் முழுவதும் கம்பெனிச் சுவரின் நிழலில் இரண்டு கும்பலாக நிற்கும்போது, சந்தனமாரி துறைவாசல் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்து திறந்திருந்த முன்னறைக் கதவைத் தட்டினாள். செபஸ்தியம்மாள் தையல் மிஷினைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"எதைப் பூட்டி வச்சிருக்க?" என்றாள் சந்தனமாரி.

"எம்புருஷன் உள்ள இருக்காரு. அதான்."

"எத்தன நாளைக்குப் பூட்டி வைப்ப?"

"எத்தன நாளு வந்தாரு, அதச் சொல்லுங்க முதல்ல."

உன்னைக் கட்டின மறுமாசத்திலிருந்து, புதன்கிழமைதோறும், மாமியார் சந்தைக்குப் போகிற நேரத்தில் என்று சந்தனமாரி சொன்னாள். அந்த வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று எனக்குச் சத்தியம் பண்ணினார் என்றாள் செபஸ்தியம்மாள்.

"சத்தியத்த மீறல. கொல்லப்பக்கமாத்தான் வந்தாரு."

செபஸ்தியம்மாள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். சந்தனமாரி நிலைப்படியில் உட்கார்ந்தாள்.

"புதன்கிழம உனக்குத் தூக்குவாளியில மீன்குழம்பு வருமில்லா?"

"லாரி ஸ்டாண்டு ஓட்டல்ல வாங்கிட்டு வருவாரு."

"ஓட்டல்ல ஒனக்கு நடுத்துண்டாப் பாத்தா போடுவான்? தட்டுல நான் வைக்கிறத எடுத்து வாளியில போட்டுட்டு, மீன்தலைய வச்சித் தின்னுட்டுப் போவாரு. எங்க வீட்டுக்காரரும் அவருக்குக் கூடப்பிறந்தவருதான். இன்னைக்கு வரைக்கும் எனக்குன்னு ஒரு துண்டு எடுத்து வச்சதில்ல." சந்தனமாரி தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "எனக்கு ஆத்தாமையா இருக்கும். வாளியில மட்டும் ஒரு கை உப்பக் கூடப் போட்டு மூடுவேன்."

செபஸ்தியம்மாள் கீழே வைத்த துணியை எடுத்து மடித்தாள். பிறகு சொன்னாள்:

"தெரியும். ஓட்டல்காரிக்கு மத்ததெல்லாம் நல்ல கை, உப்புதான் கூடன்னு அவர்ட்ட சொல்லுவேன்."

"அதுக்கு அவரு என்ன சொன்னாரு?"

செபஸ்தியம்மாள் சொல்ல வாயெடுத்தாள், நிறுத்திக்கொண்டாள். அதை ஏன் இவளுக்குக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. இவளிடம் இதேபோல் எத்தனை புதன்கிழமைப் பேச்சு இருக்கிறதோ என்றும் இருந்தது. எழுந்து, இடுப்பிலிருந்த சாவியை எடுத்து, வெளியே வந்து, நிழலில் நின்ற கூட்டத்தில் முதலில் கண்ணில் பட்ட கஸ்பாரின் கையில் கொடுத்தாள். மிஷினை எப்படிப் போடுவது என்று அவன் கேட்டான். பார்த்துக்கொண்டுதானே இருந்தாய் என்றாள். பிறகு சந்தனமாரியிடம், வாங்க, அந்த அடுப்படியை எனக்குக் காட்டுங்க என்றாள்.

இரண்டு பெண்களும் உப்பளத் தெருவின் நடுவில் நடந்து போனார்கள். ஊர் முழுவதும் ஐஸ் கம்பெனிக்குள் போய்விட்டதால் அதைப் பார்க்க ஆளில்லை. அடுப்படியில் சுடலைமணி உட்கார்ந்த இடத்தைச் சந்தனமாரி காட்டினாள். சிமெண்டுத் தரை, பக்கத்தில் அம்மி, மேலே புகைபிடித்த ஓட்டுக்கூரை. அந்தத் தரையைப் பார்த்தாலே செபஸ்தியம்மாளுக்கு வயிறு எரிந்தது. அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.

என்ன பேசுவார் என்று கேட்டாள். சும்மா சொல்ல மாட்டேன் என்றாள் சந்தனமாரி. அங்கே அவர் பேசினதில் ஒன்று சொன்னால் இங்கே பேசினதில் ஒன்று சொல்வேன். செபஸ்தியம்மாள் ஒப்புக்கொண்டாள். சாமான் மாற்றிக்கொள்கிற சந்தைக்காரிகள்போல இரண்டு பேரும் முதலில் மலிவானதை எடுத்து வைத்தார்கள்: அவனுக்குப் பிடிக்காத காய், அவன் பயந்த வாத்தியார், மழை பெய்யும் என்று அவன் சொல்லிப் பெய்யாத நாட்கள். பிறகு கொஞ்சம் விலை கூடியது. நீ தூக்கத்திலும் தையல் மிஷின் மிதிப்பதுபோல் காலை ஆட்டுவாய் என்றும், அந்த ஆட்டம் இல்லாவிட்டால் தனக்குத் தூக்கம் வராது என்றும் சொல்வார் என்று சந்தனமாரி சொன்னாள். செபஸ்தியம்மாள் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். அதற்கு ஈடாகச் சொல்லியாக வேண்டும். அவளிடம் ஒன்று இருந்தது, அதைச் சொல்ல அவளுக்கு மனமே இல்லை, ஆனாலும் சொன்னாள்:

"எங்க மதினி சிரிக்கும்போது பல்லு தெரியக் கூடாதுன்னு வாய மறைச்சிக்கிடுவா, மறைக்காம இருந்தா அவ்வளவு அழகுன்னு சொல்லுவாரு."

சந்தனமாரி கையை வாய்க்குக் கொண்டுபோனாள், பாதியில் நிறுத்தி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கண் நிறைந்தது. அதைப் பார்த்த செபஸ்தியம்மாளுக்கு, கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

கழிப் பக்கமிருந்து காற்று திரும்பும்போதெல்லாம் ஐஸ் கம்பெனியில் ஜனங்கள் சிரிக்கிற சத்தமும், திடீரென்று அடங்குகிற சத்தமும் கேட்டன. இந்த வாரம் யார் வந்திருக்கிறார்களோ என்று ஒருமுறை சந்தனமாரி சொன்னாள். செபஸ்தியம்மாள் அதைக் காதில் வாங்கவில்லை. அடுத்ததைச் சொல்லுங்க என்றாள். வெயில் அம்மியைத் தாண்டி, அரிசிப் பானையைத் தாண்டிச் சுவரில் ஏறும்வரை இருவரும் அவனைத் துண்டு துண்டாக எடுத்து ஒருவருக்கொருவர் பரிமாறினார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒருத்திக்கு வயிறு நிறைந்தது, ஒருத்திக்கு எரிந்தது.

"அவ்வளவுதானா?" என்று கடைசியில் சந்தனமாரி கேட்டாள்.

"அவ்வளவுதான். உங்ககிட்ட?"

"எங்கிட்டயும் அவ்வளவுதான்."

இரண்டு பேரும் பொய் சொன்னார்கள். ஆளுக்கு ஒன்றை, எல்லாவற்றிலும் நல்லதை, அடிமடியில் முடிந்து வைத்துக்கொண்டார்கள். மற்றவளிடம் அப்படி ஒன்று இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. கேட்டால் தரமாட்டாள் என்பதும் தெரிந்தது. சந்தனமாரி எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். நேற்று வைத்த குழம்பு இருக்கிறது, சூடு பண்ணட்டுமா என்று கேட்டாள்.

"பண்ணுங்க" என்றாள் செபஸ்தியம்மாள். "புதன்கிழமையும் வருவேன்."